பதினாலாம் நம்பர் வீட்டுப் பாரா

லைட்டு ரொம்பச் சுடுதுங்களா வாத்தியாரே? சுட்டாச் சொல்லிப்போடோணுமுங்க. அந்த பிசியோதெரபிப் பொண்ணு பாட்டுக்கு முட்டிக்கு நேரா வெச்சுட்டு, செல்போன எடுத்துட்டு அக்கட்ட போயிரும். போன வாரம் எனக்குத் தோலே பழுத்துப் போச்சு. ஏட்டு கத்தறாருன்னு நாலு பேரு சிரிப்பாங்களேன்னு பல்லைக் கடிச்சுட்டுப் படுத்திருந்தனுங்க. இப்ப ஏட்டு இல்லீங்க, எஸ்.எஸ்.ஐ. ஆடி மாசம் ஆர்டர் வந்துச்சு. பதவி ஏறுது, முட்டி எறங்குது. என்ன பண்றதுங்க.

நீங்க எப்படி விழுந்தீங்க? ஸ்கூல் படியிலியா? அட கெரகமே. என்னுது டூட்டியில வந்ததுங்க. ஒரு கதவு என்னை ஏமாத்திப் போடுச்சு. சிரிக்காதீங்க, நெசமாத்தான். எப்படியும் லைட்டு அணையற வரைக்கும் ரண்டு பேரும் எந்திரிக்க முடியாது. கேளுங்க, சொல்றன்.

எங்க ஸ்டேஷன் எதுன்னு மட்டும் கேக்காதீங்க, அது வேண்டாம். அங்க ரெய்டுன்னா, ‘கதவுக்கு ராக்கியப்பன்’னு இன்ஸ்பெக்டர் ஐயா சொல்லிப்போடுவாரு. ராக்கியப்பன் நாந்தான். ஒருத்தருக்கு டைப்பிங் வரும், ஒருத்தருக்கு பந்தோபஸ்து வரும், எனக்குக் கதவு. வேப்பமரக் கதவு, வேங்கைக் கதவு, இப்ப வருதே பிளாஸ்டிக்குக் கதவு, எல்லாத்துக்கும் ஒரு எடம் இருக்குதுங்க. தாப்பாளுக்கு ஒரு சாண் கீழ. குதிகால்ல ஒரே எத்து. சின்னப் பசங்க தோளக் குடுத்து இடிச்சு எலும்ப முறிச்சுக்குவானுக. நான் அப்படியெல்லாம் பண்றதில்லை.

அன்னிக்கு ஒரு தகவல் வந்துச்சு. புதுக்காலனி, மூணாவது தெரு, பதினாலாம் நம்பர் வீட்டுல கஞ்சாப் பொட்டணம் போடறாங்கன்னு. சரின்னு ஜீப்ப எடுத்துட்டு ஐயாவோட போனமுங்க. காத்தால பத்து மணி இருக்கும். தெருவுல நொழையறப்பவே மைக்கு என்ற கையில. "பதினாலாம் நம்பர் வீட்டுல கஞ்சா விக்கறாங்க! போலீஸ் வந்திருக்குது! அக்கம்பக்கம் யாரும் வெளிய வராதீங்க!" அப்படீன்னு மூணு தடவை சொன்னன். சொன்னவுடனே தெருவே வெளிய வந்துருச்சு. எப்பவும் அப்படித்தான்.

வீட்டுச் சொவத்துல கருப்புப் பெயிண்டுல பெரிசா பதினாலுன்னு எழுதியிருந்துச்சுங்க. நல்லா, குருடனுக்குக்கூடத் தெரியற மாதிரி. அதுக்கு மேல சின்னதா ஒரு தகரம் அடிச்சு முப்பத்தொண்ணுன்னு போட்டிருந்தாங்களாம். பதினாலு பழைய நம்பராம், முப்பத்தொண்ணு புது நம்பராம். புதுப் பதினாலு எதுத்த வரிசையில வேற ஒரு வீடாம். இதெல்லாம் அப்பறம் அந்த வீட்டுக்காரங்க வெச்ச வக்கீலம்மா கோர்ட்டுல சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். முனிசிபாலிட்டிக்காரன் ஒரு வீட்டுக்கு ரண்டு நம்பரு குடுத்தா, அது போலீஸ் தப்புங்களா? நீங்களே சொல்லுங்க. பிள்ளைக்கு ரண்டு பேரு வெச்சுட்டு, கூப்பிட்டா வரலைன்னா யாரு தப்பு?

சரி, கதவுக்கு வாரன். ஓடி வந்து ஒரு எத்து எத்தினன் பாருங்க. அது பூட்டவே இல்லீங்க! சும்மா சாத்தி வெச்சிருந்திருக்கறாங்க. தாப்பாள் போட்ட கதவுக்குன்னு வெச்ச எத்து, சும்மா சாத்துன கதவுல போனா என்னாகும்? பழைய சொவரு வேற. நெலையோட பேந்து, கதவு முன்னால, நான் பின்னால, ரண்டு பேரும் உள்ளார போய் ஆட்டாங்கல்லு மேல விழுந்தம். முட்டி அன்னிக்குப் போனதுதான். தாப்பாள் போடாம ஒரு வீட்ட வெச்சிருக்கலாமுங்களா? பகல்ல யாராச்சும் பூந்துட்டா?

விழுந்த வலி, கோவம். எந்திரிச்சுப் பாத்தா, பாயில ஒருத்தன் துண்டக் கட்டிட்டு முழிச்சுட்டு உக்காந்திருக்கறான். நாச்சிமுத்து. விசைத்தறி ஓட்டறவன். ராத்திரி ஷிப்ட் முடிச்சுட்டு வந்து தூங்கறானாம். அது எனக்கெப்படித் தெரியும்? காத்தால பத்து மணிக்குப் படுத்துத் தூங்கறவனப் பாத்தா நீங்க என்ன நெனப்பீங்க? விட்டன் ஒரு அறை. ஒண்ணே ஒண்ணுதானுங்க. அப்படியே கையப் புடிச்சு வாசலுக்கு இழுத்துட்டு வந்து உக்கார வெச்சம். துண்டு வழியில எங்கியோ அவுந்து போச்சு. அத நாங்க அவுக்கலீங்க, அதா அவுந்தது. தெருவே பாத்துட்டு நின்னுச்சு. அவன் பொண்டாட்டி ராமாத்தா ஓடி வந்து தன்ற முந்தானைய அவன் மேல போத்துனா. நாங்க தடுக்கலை. மனுசத்தன்மையோட நடந்துக்கிட்டம்.

வீட்டப் பொரட்டிப் பாத்தா ஒண்ணுமில்லை. ராமாத்தா வீட்டுல உக்காந்து பனியனுக்குப் பிசிறு வெட்டற பொம்பளை. மூட்ட மூட்டையா பனியனுதான். அத்தனையும் மண்ணுல கொட்டி ஒதறிப் பாத்தம். வெறுங்கையோட ஸ்டேஷனுக்குப் போக முடியுங்களா? அவ்வளவு பெரிசா மைக்குல சொல்லிட்டு? அடுப்படியில ஒரு டப்பாவுல காஞ்ச எலை இருந்துச்சு. ஐயா மோந்து பாத்துட்டு, "இதேதான்" அப்படீன்னுட்டாரு. அப்பறம் நாலு கத்தரிக்கோலு. கூர்மையான ஆயுதமுன்னு அதையும் எடுத்துட்டம்.

எடுத்ததுக்கு மகஜர் எழுதோணும், உள்ளூருக்காரங்க சாட்சிக் கையெழுத்துப் போடோணும். ஒருத்தனும் வரலீங்க. அத்தனை பேரு நிக்கறானுக, காகிதத்தப் பாத்ததும் அவனவன் வெசையா வீட்டுக்குள்ள போயிட்டானுக. அப்பத்தான் எதுத்த வீட்டுல இருந்து பாலுச்சாமி வந்தாரு. தங்கமான மனுசன். கவுன்சிலருக்கு மச்சான். எங்களுக்கெல்லாம் சொம்புல மோரு கொண்டாந்து குடுத்து, எனக்கு முட்டிக்குத் தைலங்கூடத் தேச்சு விட்டாரு. "நாட்டுல இந்த மாதிரி ஆளுகள விடக் கூடாதுங்க" அப்படீன்னுட்டு, படிச்சுக்கூடப் பாக்காமக் கையெழுத்துப் போட்டாரு. கீழ விலாசம் எழுதோணுமில்லீங்களா, அவரே எழுதினாரு. மூணாவது தெரு, புது நம்பர் பதினாலு.

இப்ப எதுக்குங்க சிரிக்கறீங்க? எனக்கு வெளங்காமப் போச்சுன்னு நெனச்சீங்களா? அப்பறம் எல்லாருக்கும் வெளங்குச்சு. ஆனா யோசிச்சுப் பாருங்க, அவரு எங்க கேசுக்குச் சாட்சி. சாட்சி வீட்டுலயே போய் ரெய்டு பண்ணினா, கேசு என்னாகும்? சட்டம்னு ஒண்ணு இருக்குதில்லீங்க.

சாயங்காலம் பாத்தா ஐயாவுக்கு வெரலெல்லாம் செவந்து கெடக்குது. எச்சி தொட்டுக் கசக்கிப் பாத்திருப்பாரு போல. டப்பாவுல இருந்தது மருதாணிங்க! தலைக்குத் தேய்க்கறதுக்குக் காயவெச்சிருந்திருக்குது அந்தப் பொம்பளை. ஐயா ரண்டு வாரம் கையப் பாக்கெட்டுக்குள்ளயே வெச்சுட்டுச் சல்யூட் வாங்கினாரு. நாச்சிமுத்துவ அன்னிக்குப் பொழுது சாயவே விட்டுட்டம். ஒரு டீ வாங்கிக் குடுத்துத்தான் அனுப்பினம். அவன் குடிக்கலை.

அதோட முடிஞ்சுதுன்னு பாத்தா, அந்த ராமாத்தா சும்மா இருக்கலீங்க. இலவச வக்கீலம்மா ஒருத்தரப் புடிச்சுக் கோர்ட்டுக்குப் போயிட்டா. ஜட்ஜம்மா எங்க ஐயாவ நிக்க வெச்சுக் கேட்டாங்க. கதவ ஒடச்சது நீங்க. மறுக்கா கதவு போட்டுக் குடுக்கற வரைக்கும் அந்த வீட்டுக்குப் பாதுகாப்பு உங்க பொறுப்பு, ஆளு போடுங்கன்னுட்டாங்க. ஐயா திரும்பி என்னைப் பாத்தாரு. "ஒடச்சவனே போய் உக்காரு"ன்னாரு.

பாரா டூட்டி தெரியுங்களா? துப்பாக்கியோட வாசல்ல காவல் நிக்கறது. கஜானாவுக்கு நின்னிருக்கறன், மந்திரி வீட்டுக்கு நின்னிருக்கறன். விசைத்தறிக்காரன் வீட்டுக்கு, அதும் கதவுக்குப் பதிலா, எவனாச்சும் நின்னிருக்கறானுங்களா? ஒரு நாக்காலியப் போட்டு, கதவு இருந்த எடத்துல நானே உக்காந்தன். வர்ற போறவனெல்லாம் என்னைப் பாத்து, "ஏனுங்க ஏட்டய்யா, தாப்பாள் எங்கீங்க?"ன்னு எகத்தாளம் பேசறானுக.

மறுநாளே ஐயா தேக்குல புதுக்கதவு ஒண்ணு அனுப்புனாரு. ராமாத்தா அத வண்டியில இருந்து எறக்க விடலை. "கதவு இருக்கட்டுமுங்க. அன்னிக்கு மைக்குல சொன்னீங்களே, அதே தெருவுல, அதே மைக்குல, வீடு தெரியாம வந்துட்டம், இவரு மேல ஒரு குத்தமும் இல்லைன்னு சொல்லுங்க. அப்பறம் கதவப் போடுங்க"ன்னா. கத்தலீங்க, அழுவலீங்க. சீமாத்தால வாசலக் கூட்டிக்கிட்டே சொன்னா. என்ற காலச் சுத்திக் கூட்டிட்டுப் போயிட்டா.

நாச்சிமுத்து அன்னில இருந்து வெளிய வர்றதில்லையாம். தறிக்குப் போறதில்லை, கடைக்குப் போறதில்லை. பனியன் கம்பெனிக்காரனும் கஞ்சா வீட்டுக்கு மூட்டை அனுப்ப மாட்டமுன்னுட்டானாம். "ஒரு வார்த்தை மைக்குல கேட்டாத்தான் இவரு வாசப்படி தாண்டுவாருங்க, தாண்டினாத்தான் எங்க வீட்டுல ஒலை கொதிக்குமுங்க" அப்படீன்னு ராமாத்தா சொல்றா. எனக்குக் கோவம் வந்துருச்சு. ஏம்மா, யூனிபார்மப் போட்டுக்கிட்டு மைக்குல தப்புன்னு சொன்னா, நாளைக்கு எங்கள எவன் மதிப்பான்? கதவு வேணுமா, ரண்டு கதவாக் கேளு. ஜன்னலுக்குங்கூடப் போட்டுத் தாரம். அத உட்டுட்டு இதென்ன அக்கப்போரு?

நாள் போகப் போக எனக்கு அந்த வேலை பழகிருச்சுங்க. பொய் சொல்லக் கூடாது, நல்ல கதவா இருந்தன். ஒரு கோழிய உள்ள விடலை. சிலிண்டர்காரன் வந்தா நாந்தான் வாங்கி வெப்பன். எவனாச்சும் எட்டிப் பாத்தா ஒரு அதட்டுப் போடுவன். ஆனா நம்ம ஜனங்க இருக்கறாங்களே, போலீஸு உக்காந்திருக்கறதப் பாத்துட்டு, ‘இன்னும் பெரிய கேசு போல, ஆள வீட்டோட வெச்சுப் பூட்டியிருக்கறாங்க’ன்னு பேசிக்கிட்டாங்களாம். நான் காவலுக்கு இருந்தா, இவங்க அதக் கைதுங்கறாங்க. ராமாத்தாகிட்டப் பால்காரன் பேசறதக்கூட நிறுத்திப்போட்டான். அதுக்கு நானென்ன பண்றது?

பாலுச்சாமி வீட்டு டீதான் எனக்கு, காத்தால ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. அவரு வீட்டுக்கு வண்டியில பசங்க வருவானுக, ஒரு பொட்டணத்த வாங்குவானுக, போவானுக. "நீங்க இங்க உக்காந்ததுல இருந்து தெருவே பயமில்லாம இருக்குதுங்க, வேற ஸ்டேஷன்காரங்க தொந்தரவுகூட இல்லை"ன்னு அவரு வாய் நெறையச் சொல்லுவாரு. என்ன பொட்டணமுன்னு கேக்கறீங்களா? வாத்தியாரே, எனக்குப் போட்ட டூட்டி இக்கட்ட இருக்கற வீட்டுக்கு. அக்கட்ட பாத்தா அது டூட்டியில கவனக்குறைவு ஆயிருமுங்க.

ஒரு நாளு நல்ல மழை. நெலை பேந்த எடத்துல எனக்கு மேல ஓடு கெடையாது, தலைக்கு மேல ஒழுகுது. உள்ளார திரும்பிப் பாத்தன். நாச்சிமுத்து சொவத்து ஓரமா, நான் பாக்க முடியாத மூலையில ஒண்டிக்கிட்டு இருந்தான். எப்பவும் அந்த மூலைதான். கொஞ்ச நேரங் கழிச்சு ஒரு சாக்கு, தரையோட தரையா நகந்து வருது. காலால தள்ளி விடறான். எடுத்துத் தலையில போத்திக்கிட்டன். "நாச்சிமுத்து, என்ற மேல கோவமாப்பா?"ன்னு கேட்டன். பதிலே இல்லை. மறுக்கா கேட்டன். ராமாத்தாதான் அடுப்படியில இருந்து, "அந்தப் பக்கம் அவருக்குக் காது கேக்கறதில்லீங்க"ன்னா. எடது காது. நான் அறைஞ்சதும் அந்தப் பக்கந்தான், ஒத்துக்கறன். ஆனா தறிச் சத்தத்துல கெடக்கறவனுக்குக் காது போறது ஒலகத்துல இல்லாததுங்களா? அன்னிக்கு மட்டும் எனக்குச் சாப்பாடு எறங்கலீங்க. ஏன்னு தெரியலை. பாலுச்சாமி வீட்டு டீயக்கூட வேண்டாமுன்னுட்டன்.

இப்படியே போயிருக்கும். ஆனா என்ற புரமோசன் லிஸ்டு டி.எஸ்.பி. ஆபீசுக்குப் போச்சுங்க. இந்தக் கோர்ட்டு வெவகாரம் நெலுவையில இருந்தா பேரு ஏறாதுன்னு சொல்லிட்டாங்க. இருபத்தஞ்சு வருசமா கெனாக் கண்ட பதவி. ஐயா கூப்பிட்டு, "யோவ் ராக்கியப்பா, போய் அந்த மைக்குல சொல்லித் தொலைய்யா"ன்னாரு. நானுங்களான்னன். "மொதல்ல சொன்னது நீதானே?"ன்னாரு. நான் ஒடச்சன், நான் உக்காந்தன், நானே சொல்லவும் செய்யோணும். எல்லாத்துக்கும் ராக்கியப்பன்.

ஜீப்பு வந்துச்சு. மைக்கப் புடிச்சு, ஐயா எழுதிக் குடுத்ததப் படிச்சன். "மேற்படி தேதியில் மேற்படி இல்லத்தில் மேற்கொள்ளப்பட்ட சோதனையின்போது ஆட்சேபகரமான பொருள் ஏதும் கண்டறியப்படவில்லை." நல்லா, ரேடியோ செய்தி மாதிரிப் படிச்சன். ராமாத்தா வாசல்ல நின்னு கேட்டுட்டு, "இது ஆருக்குங்க வெளங்கும்? அன்னிக்குச் சொன்னது எல்லாருக்கும் வெளங்குச்சே"ன்னா. தெருவுல ஒருத்தன் சிரிச்சான். எனக்கு வேர்த்து ஊத்துது. காகிதத்த மடிச்சுப் பாக்கெட்டுல வெச்சுட்டன். என்ன ஆனாலும் ஆகட்டுமுன்னு சொன்னன்: "அன்னிக்கு வீடு தெரியாம வந்துட்டமுங்க. இங்க கஞ்சா இல்லை. நாச்சிமுத்து ஒரு தப்பும் பண்ணலை." அவ பாத்துக்கிட்டே நின்னா. மூணு தடவை சொன்னன், அன்னிக்குச் சொன்ன அதே சத்தத்துல.

உள்ளார இருந்து நாச்சிமுத்து வந்தான். வெள்ள வேட்டி, வெள்ளச் சட்டை. சட்டைய எத்தன நாளா மடிச்சு வெச்சிருந்தானோ, மடிப்பு அப்படியே இருந்துச்சு. மெதுவா வந்து வாசப்படி மேல ஒரு காலு வெச்சான். ராமாத்தா வாயப் பொத்திக்கிட்டு அழுவறா. நெசமாச் சொல்றன், எனக்கும் சந்தோசமுங்க. மைக்க ஜீப்புல வெச்சுட்டு, நொண்டிக்கிட்டே ரண்டு எட்டு வெச்சு, "வாப்பா நாச்சிமுத்து!"ன்னு தோளத் தட்டிக் குடுக்கலாமுன்னு கையத் தூக்கினன்.

அவ்வளவுதான். ரண்டு கையாலயும் காதப் பொத்திக்கிட்டு, அங்கியே குத்த வெச்சு உக்காந்துட்டானுங்க. தலையக் காலுக்கு நடுவுல வெச்சுட்டு, "இல்லைங்க ஐயா, இல்லைங்க ஐயா"ங்கறான். அத்தன ஜனம் பாக்குது. நான் தூக்குன கை தூக்குனபடியே நிக்கறன். எறக்கவும் தெரியலை, வெச்சுக்கவும் தெரியலை. தட்டிக் குடுக்கத்தானுங்க தூக்கினன். நீங்க நம்பறீங்கல்ல?

ராமாத்தா அவன எழுப்பி உள்ளார கூட்டிட்டுப் போனா. திரும்பி வந்து என்ற மொகத்தப் பாத்து, மொதல் தடவையா மொகத்தப் பாத்து, "ஏட்டய்யா, அந்தக் கதவக் கொண்டாரச் சொல்லுங்க. இப்பவே மாட்டிறலாம்"ன்னா. அவ்வளவு நாளும் வேண்டாம் வேண்டாமுன்னவ! ஆசாரி வந்து பொழுதுக்குள்ள மாட்டிட்டாரு. மேல ஒரு தாப்பாள், கீழ ஒரு தாப்பாள், நடுவுல ஒரு குறுக்குக் கட்டை. அவ்வளவு எதுக்கும்மான்னன். அவ கட்டையப் போட்டுப் பாத்துட்டு இருந்தா.

அப்படியாக் கோர்ட்டு ஆர்டரு முடிஞ்சுது, எனக்கும் பதவி வந்துச்சு. எல்லாருக்கும் நல்லபடியாத்தான் முடிஞ்சுதுங்க. ஒண்ணே ஒண்ணுதான் மனசுல நிக்குது. ஆர்டர் வந்த அன்னிக்கு அரைக்கிலோ மைசூர்பாகு வாங்கிட்டு அந்த வீட்டுக்குப் போனனுங்க. அத்தன நாளு அந்த வாசல்ல உக்காந்திருக்கறன், ஒறம்பரை சொந்தம் மாதிரித்தானே? யூனிபார்ம் இல்லாம மப்டியிலதான் போனன். கதவத் தட்டினன். மெதுவா, வெரல மடக்கி, ரண்டு தட்டு. உள்ளார பேச்சுச் சத்தம் கேட்டுக்கிட்டு இருந்தது, சட்டுன்னு நின்னு போச்சு. "நாந்தானுங்க, ராக்கியப்பன்" அப்படீன்னன். ஒரு தாப்பாள் விழற சத்தம் கேட்டுச்சு. அப்பறம் இன்னொண்ணு. அப்பறம் அந்தக் கட்டை.

முட்டி வலியோட எவ்வளவு நேரமுங்க நிக்கறது? ஸ்வீட்டப் பாலுச்சாமி வீட்டுல குடுத்துட்டு வந்துட்டன். ஆனா மனசு ஆறலீங்க. நீங்க படிச்சவரு, நாலு பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுக்கறவரு, நீங்களே நாயஞ் சொல்லுங்க. ஒரு மனுசன் மரியாதையா வந்து கதவத் தட்டினாத் தொறக்கோணுமா இல்லீங்களா?